ஆட்டுக்கால் சூப்: வாடை வராம, சாறு திக்கா வர என்ன வழி?

பொன்னி_அரிசி
ஒரு செட் கால் (நாலும்). கடையிலயே வாட்டி, வெட்டித் தந்தது. மஞ்சள் போட்டு ரெண்டு தடவை அலசி, குக்கர்ல மூணு லிட்டர் தண்ணி, இஞ்சி பூண்டு, ரெண்டு தக்காளி, மிளகுத்தூள், உப்பு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு ஆறு விசில்.

வந்தது: தண்ணியா, கலங்கலா ஒரு சாறு. லேசான கசப்பு, குடிச்சு முடிச்சதும் ஒரு கவுச்சி வாடை. ஃப்ரிட்ஜ்ல ராத்திரி முழுக்க வச்சும் உறையலை. தோல் ரப்பர் மாதிரி இழுக்குது.

கை எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருக்குற மாமியாருக்கும், ஒன்பது மாசக் குழந்தைக்கும் குடுக்கணும். எதை எதை மாத்தணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெட்டுக்கத்தி
கசப்பும் வாடையும் அடுப்புல வந்தது இல்ல சகோ, சுத்தம் பண்றதுல வந்தது. வரிசையாச் சொல்றேன்.

கசப்பு: தோல் கருகினதால. வாட்டும்போது மயிர் பொசுங்கி மேல ஒரு கரி ஏடு நிக்கும். அதைக் கத்தியோட முதுகால சுரண்டி எடுக்கணும். தண்ணியில அலசினா போகாது. அஞ்சு நிமிஷம் வெந்நீர்ல ஊறவச்சுட்டு, கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சு முட்டியில இருந்து குளம்புப் பக்கமா சுரண்டுங்க. கருப்பு போய் வெளுத்த மஞ்சளாத் தோல் தெரியணும். முட்டி மடிப்புல மட்டும் குத்து மயிர் மிச்சம் இருக்கும். அதை கேஸ் அடுப்புல இடுக்கியில பிடிச்சு மறுபடி காட்டிச் சுரண்டணும்.

குளம்பு: மேல் ஓடு கழன்டிருக்கான்னு பாருங்க. சூடா இருக்கும்போதே தட்டினா கழன்டுடும், ஆறிட்டா பிடிச்சுக்கும். கடையில விட்டிருந்தா பத்து நிமிஷம் வெந்நீர்ல போட்டுக் கத்தி முனையால நெம்புங்க.

நிறைய பேர் விட்டுடுற இடம் குளம்புப் பிளவு. செம்மறிக்கு ரெண்டு குளம்புக்கும் நடுவுல, தோலுக்கு உள்ளாற சின்னதா வளைஞ்ச குழாய் மாதிரி ஒரு சுரப்பிப் பை உண்டு. உள்ள மெழுகாட்டம் அழுக்கும் ரெண்டொரு மயிரும் இருக்கும். பிளவுல நீளவாக்குல கீறிப் பாத்தா முழுசா வெளிய வந்துடும். அது உள்ளயே வெந்தா என்ன மசாலா போட்டாலும் கவுச்சி அடிக்கும். வெள்ளாட்டுல இந்தத் தொந்தரவு இல்ல, ஆனா பிளவுல அழுக்கும் மயிரும் நிக்கும், கீறிக் கழுவிடுங்க. கடையில "வெள்ளாட்டுக் கால்தானே"ன்னு கேட்டு வாங்கறது நல்லது.

கடைசியா ஒரு கைப்பிடி கல்லுப்பு, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள், ரெண்டு ஸ்பூன் அரிசிமாவு போட்டு உப்புத்தாள் தேய்க்குற மாதிரி தேய்ச்சு, தண்ணி தெளியுற வரைக்கும் கழுவணும். வெட்டின இடத்துல எலும்புத் தூளும் கட்டையோட சிராயும் ஒட்டியிருக்கும். குழந்தைக்குக் குடுக்கறதா இருந்தா இதுல அலட்சியம் வேண்டாம்.

இன்னொண்ணு: மண்ணெண்ணெய் வாடை அடிக்குற காலைத் திருப்பிக் குடுத்துடுங்க. தோல்ல ஏறின அந்த வாடை எதுக்கும் போகாது.

நிதானச்சூடு
சுத்தம் பண்றதை மேல இருக்கறவர் சொல்லிட்டார். நான் தண்ணிக்கும் நேரத்துக்கும் வரேன். உறையாததுக்கு ரெண்டு காரணம்: தண்ணி அதிகம், நேரம் கம்மி.

கால்ல கறி கிடையாது. தோல், தசைநார், மூட்டுக் குருத்து, எலும்பு, அவ்வளவுதான். தோல்லயும் நார்லயும் இருக்கறது கொலாஜன். அது வெந்து கரைஞ்சா ஜெலட்டின். சாறு பிசுபிசுன்னு வர்றதும், ஃப்ரிட்ஜ்ல கட்டியாகறதும் அதனால. இந்த மாற்றத்துக்குச் சூடும் வேணும், நேரமும் வேணும். ஆறு விசில்னா பெரிய தீயில பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். தோல் ரப்பர் மாதிரி இழுக்குதுன்னா கொலாஜன் இன்னும் கரையாம தோல்லயே இருக்குன்னு அர்த்தம்.

கணக்கு: சுத்தம் பண்ணின காலை எடை போடுங்க. ஒரு பங்கு எடைக்கு ரெண்டு பங்கு தண்ணி. அரைக் கிலோ இருந்தா ஒரு லிட்டர், முக்கால் கிலோ இருந்தா ஒன்றரை லிட்டர். ஒரு செட்டுக்கு மூணு லிட்டர்ங்கறது எந்தக் காலத்துலயும் உறையாது.

1. பச்சைத் தண்ணியில காலைப் போட்டு, மூடாம, நடுத்தரத் தீயில கொதிக்க விடுங்க. சாம்பல் நிறத்துல நுரை திரண்டு மேல வரும். கொதி வந்து அஞ்சு நிமிஷம் ஆனதும் தண்ணியை மொத்தமாக் கொட்டிட்டு, காலையும் பாத்திரத்தையும் கழுவுங்க.
2. குக்கர்ல காலையும் அளந்த தண்ணியையும் போடுங்க. மஞ்சள், தட்டின இஞ்சி, நாலு சின்ன வெங்காயம் போதும். உப்பு வேண்டாம். மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பக் கூடாது. பிசுபிசுப்பான சாறு பொங்கி ஆவித்துளையை அடைச்சுடும்.
3. முதல் விசில் வந்ததும் தீயை சிம்முக்குக் கொண்டு வந்து 45 நிமிஷம். கிழட்டு ஆடுன்னா ஒரு மணி நேரம்.
4. அடுப்பை அணைச்சுட்டு வெயிட்டைத் தூக்காதீங்க. ஆவியைச் சட்டுனு விட்டா உள்ள இருக்கற சாறு ஒரேயடியாக் குமுறிக் கொதிச்சு, மேல மிதக்குற கொழுப்பைப் பொடிப்பொடியா உடைச்சுத் தண்ணியோட கலந்துடும். உங்க கலங்கலுக்குப் பாதிக் காரணம் பெரிய தீ, மீதி இதுதான்.

விசில் எண்ணிக்கையை நம்பாதீங்க. ஒரே குக்கர் பெரிய தீயில நிமிஷத்துக்கு ஒண்ணு அடிக்கும், சிம்முல பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு கூட அடிக்காது. உள்ள ஏறக்குறைய 120 டிகிரி இருக்கு, அது எத்தனை நிமிஷம் இருந்ததுங்கறதுதான் கணக்கு.

குக்கர் இல்லாம அடிகனமான பாத்திரத்துல வைக்கறவங்க நாலுல இருந்து அஞ்சு மணி நேரம் விடணும். மேல தளதளன்னு கொதிக்கக் கூடாது, ஓரத்துல மட்டும் குமிழி வரணும். தண்ணி சுண்டினா வெந்நீர்தான் ஊத்தணும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்த முறை சரிப்படாது. அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும், இழுத்துக்கிட்டே போகும். குக்கரே வச்சுக்கோங்க.

வெந்துச்சான்னு பாக்க: முட்டியில இருக்கற நாரை ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தா எலும்பை விட்டு வரணும். சாறு ஒரு சொட்டை விரல்ல தேய்ச்சா, ஆறும்போது விரல் ரெண்டும் ஒட்டிக்கணும்.

கல்சட்டி
> கொதி வந்து அஞ்சு நிமிஷம் ஆனதும் தண்ணியை மொத்தமாக் கொட்டிட்டு

இதுல சத்தெல்லாம் போயிடாதா? எங்க பக்கம் முதல் தண்ணியைக் கொட்ட மாட்டாங்க.

நிதானச்சூடு
அஞ்சு நிமிஷத்துல கொலாஜன் கரையாது, அதுக்குத்தான் 45 நிமிஷம் கேக்குறோம். போறது எலும்புல தங்கின ரத்தம் உறைஞ்ச நுரையும் மேல் அழுக்கும். கொட்ட மனசு வரலைன்னா நுரையை மட்டும் கரண்டியால எடுத்துட்டுத் தொடரலாம். ஆனா எடுத்து முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும். பெரிய கொதி வந்தா நுரை உடைஞ்சு சாறுக்குள்ள போயிடும், அப்புறம் வடிகட்டினாலும் தெளியாது. பச்சைத் தண்ணியில ஆரம்பிக்கணும்னு சொல்றதும் இதுக்குத்தான். மெதுவாச் சூடேறினா நுரை பெருசாத் திரளும், அள்ள வசதி.

மிளகுசீரகம்
மசாலா பத்தி யாரும் பேசலையே.

மிளகை ஆரம்பத்துல போட்டா காரம் நிக்கும், வாசம் நிக்காது. வாசம் தர்ற எண்ணெய் ஆவியோட போயிடும். ஒரு லிட்டர் சாறுக்கு என் அளவு: மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், மல்லி ரெண்டு டீஸ்பூன். வெறும் சட்டியில சூடு ஏற மட்டும் வறுத்து, கொரகொரன்னு இடிக்கணும். நைஸா அரைச்சா சாறு மண்ணு மாதிரி அடியில தங்கும். பூண்டு ஆறு பல் தோலோட தட்டினது. சின்ன வெங்காயம் பத்து, ஒரே ஒரு தக்காளி.

குக்கர் திறந்ததும் இதையெல்லாம் போட்டு பத்து நிமிஷம் மூடாமக் கொதிக்க விடுங்க. உப்பு இப்பதான்: லிட்டருக்கு ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு ருசி பாத்துக்கோங்க. முன்னாடியே போட்டா சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறிடும். கடைசியில நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன்ல கறிவேப்பிலை, ஒரு துண்டு பட்டை தாளிச்சுக் கொட்டலாம். கால்லயே கொழுப்பு இருக்கறதால தாளிக்காமலும் நல்லாத்தான் இருக்கும்.

சோளமாவு போட்டுத் திக்காக்கறது ஓட்டல் வேலை. ஜெலட்டின் இறங்கின சாறுக்கு அது தேவையில்ல. தேங்காய்ப்பால் ஊத்தறது ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் வைக்குற பாயா, அது வேற சமாச்சாரம்.

சூடாக் குடிக்கணும். ஆட்டுக் கொழுப்பு இறைச்சிக் கொழுப்புலயே சீக்கிரம் உறையறது. சாறு வெதுவெதுப்பானதுமே அண்ணத்துல மெழுகா ஒட்டும், அந்த ஒட்டல்தான் பல பேருக்கு வாடையாத் தெரியுது. வயசானவங்களுக்குன்னா ஃப்ரிட்ஜ்ல வச்சு மேல வெள்ளையாக் கட்டின கொழுப்பை எடுத்துட்டுச் சூடு பண்ணிக் குடுங்க.

தட்டுக்கணக்கு
உணவியல் படித்தவள் என்ற முறையில் சில விஷயங்கள். முறிந்த எலும்பு கூடுவதற்கு ஆட்டுக்கால் சூப் என்ற நம்பிக்கையைப் பற்றித்தான்.

எலும்பில் சுண்ணாம்புச்சத்து ஏராளம், உண்மை. ஆனால் அது தாதுப்படிகமாக எலும்போடு இறுகியிருக்கிறது. வெந்நீரில் கரைந்து வருவது மிகக் கொஞ்சம். ஒரு டம்ளர் சாறில் சில பத்து மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. ஒரு டம்ளர் (200 மி.லி.) பாலில் 240 மி.கி. அளவுக்கு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. முருங்கைக்கீரையும் அதை ஒட்டியே வரும். எலுமிச்சை பிழிந்து வேகவைத்தால் எல்லாம் இறங்கிவிடும் என்பார்கள். நாம் ஊற்றும் புளிப்புக்கு அந்த வலு கிடையாது.

சாறில் நிஜமாகவே இறங்குவது ஜெலட்டின். அது புரதம்தான், ஆனால் முழுப் புரதம் அல்ல. உடலுக்கு அவசியமான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபன் அதில் அறவே இல்லை. இந்த விவாதம் புதிதும் இல்லை. பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எலும்பைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் சூப்பை இறைச்சிக்குப் பதிலாக மருத்துவமனைகளிலும் ஏழைகளுக்கும் கொடுத்தார்கள். அது போதுமா என்று ஆராய அறிவியல் கழகம் ஒரு குழு போட்டது. உடலியல் அறிஞர் மஜான்டி தலைமையிலான அந்தக் குழு 1841-ல் தந்த அறிக்கையில், ஜெலட்டினை மட்டும் தின்று நாய்கள் கூட உயிர் பிழைக்கவில்லை என்று சொன்னது.

ஆகவே மாமியாருக்கு சூப் கொடுங்கள், கூடவே ஒரு முட்டையோ கறியோ பருப்போ, பாலோ தயிரோ, கேழ்வரகோ இருக்கட்டும். முறிந்த எலும்பு கூடுவதற்குப் புரதம், கால்சியம், வைட்டமின் டி மூன்றும் வேண்டும். ஒரு துண்டு நெல்லிக்காயும் சேருங்கள். உடம்பு தன் கொலாஜனைத் தானே கட்ட வைட்டமின் சி தேவைப்படுகிறது.

வேர்க்கொடி
காலங்காலமா எலும்பு முறிவுக்கு இதைத்தான் குடுக்கறாங்க. எல்லாரும் தேறித்தானே வந்தாங்க? மில்லிகிராம் பாத்தா கொடுத்தாங்க?

தட்டுக்கணக்கு
கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. படுத்துக் கிடப்பவருக்குப் பசி மந்தமாகிவிடும், தண்ணீரும் குறைவாகக் குடிப்பார். உப்பும் மிளகும் சேர்ந்த சூடான சாறு நாக்கைத் திறந்துவிடும், நீர்ச்சத்தும் போகும், அதற்குப் பிறகு நாலு வாய் சோறு கூடுதலாக இறங்கும். அந்த வேலையை இது நன்றாகவே செய்கிறது. "சூப் குடித்துவிட்டார், போதும்" என்று தட்டை எடுத்துவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள், கீல்வாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள் கவனம். உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் தண்ணீரில் கரையும், கறியைத் தவிர்த்துவிட்டுச் சாறை மட்டும் குடித்தால் அவர்களுக்குப் பயனில்லை. சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் உப்பளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

வேர்க்கொடி
சரி, சேர்த்துக் குடுங்கன்னு சொல்றதுல எனக்கும் சண்டை இல்ல. ஆனா கால் மட்டும் போடாம நாலு துண்டு நெஞ்செலும்பையும் சேத்துப் போட்டா கறியும் கிடைக்கும்ல? ருசியும் அதுல இருந்துதான் வரும். வெறும் கால் சாறு மப்பாத்தான் இருக்கும்.

வெட்டுக்கத்தி
ரொம்பச் சரி. ஒரு செட் காலுக்கு கால் கிலோ நெஞ்செலும்பு. ஆனா ஒண்ணா வேகவைக்காதீங்க. நெஞ்செலும்புக்கு இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் போதும், 45 நிமிஷம் போனா கறி நார்நாரா உதிர்ந்துடும். கால் அரை மணி நேரம் வெந்ததும் குக்கரைத் தானா ஆறவிட்டுத் திறந்து, நெஞ்செலும்பைப் போட்டு மறுபடி இருபது நிமிஷம். நல்லி எலும்பும் போடலாம், ஆனா அதுல மஜ்ஜைக் கொழுப்பு நிறைய, சாறு மேல அரை இஞ்சுக்கு எண்ணெய் நிக்கும்.

பொன்னி_அரிசி
எல்லாருக்கும் நன்றி. குழந்தைக்கு எப்படிக் குடுக்கறது? பாட்டில்ல ஊத்திக் குடுக்கலாமான்னு வீட்டுல கேக்குறாங்க.

தட்டுக்கணக்கு
பாட்டிலில் வேண்டவே வேண்டாம். அந்த வயதில் வயிற்றின் கொள்ளளவு, எடையில் கிலோவுக்கு 30 மி.லி. என்று கணக்கு. எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மி.லி.தான். அதில் பாதியை நீர்த்த சாறு பிடித்துக்கொண்டால் சாப்பாட்டுக்கு இடம் எங்கே? பருப்புத் தண்ணி, காய் வெந்த தண்ணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சாறைத் தண்ணீருக்குப் பதிலாகப் பயன்படுத்துங்கள். ரெண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, அதற்கு ஒன்றரைக் கப் சாறு. குழைய வேகவைத்து, நெஞ்செலும்புக் கறியில் ஒரு ஸ்பூன் அளவு எடுத்து நார் இல்லாமல் மசித்துச் சேருங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அந்தக் கெட்டியில் இருக்க வேண்டும்.

ஒரு வயது வரை உப்பு சேர்க்க வேண்டாம். அதனால் குழந்தைக்கு வேண்டியதை உப்பு, மிளகு போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். எடுத்ததை மெல்லிய வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். எலும்புச் சில்லு கம்பி வடிகட்டியில் தப்பிவிடும்.

கல்சட்டி
மிச்சத்தைக் குக்கர்லயே மூடி வச்சுட்டா காலையில வரைக்கும் தாங்கும்தானே? ஆவி புகாம மூடியிருக்கு.

நிதானச்சூடு
தாங்காது, அதுதான் ஆபத்தே. கறிச்சாறுல வளர்ற சில பாக்டீரியாவோட வித்து கொதிச்சாலும் சாகாது. சாறு 50 டிகிரிக்குக் கீழ இறங்கி மெதுவா ஆறும்போது முளைச்சுப் பெருகும். அதுக்குக் காத்தும் வேண்டாம். மூடின குக்கர் அதுக்குப் போட்டுக் குடுத்த மெத்தை. கால் மணி நேரம் ஆறினதும் வடிகட்டி, அகலமான பாத்திரத்துல ஊத்தி, அதைத் தண்ணி நிரப்பின தாம்பாளத்துல வச்சு அப்பப்ப கிளறி விடுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடணும். மூணு நாள் வரைக்கும் வச்சுக்கலாம். ஃப்ரீசர்ல ஐஸ் ட்ரேயில ஊத்தி உறையவச்சு, கட்டிகளை டப்பாவுல போட்டா ரெண்டு மாசம். வேணுங்கறதை மட்டும் எடுத்து ஒரு கொதி தளதளன்னு விட்டுக் குடுங்க. மொத்தத்தையும் எடுத்துச் சூடு பண்ணி மறுபடி உள்ள வைக்காதீங்க.

துளசிமாடம்
சைவத்துக்கு ஏதாவது சொல்லுங்களேன். கொல்லிமலையில முடவாட்டுக்கால் சூப்னு விக்கறாங்களே, அது இதுக்கு ஈடாகுமா?

மிளகுசீரகம்
அது மரத்துலயும் பாறையிலயும் படர்ற ஒரு பெரணியோட கிழங்கு. மேல பழுப்பு மயிர் போர்த்தி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கறதால அந்தப் பேரு. கத்தியால மயிரைச் சுத்தமாச் சீவிட்டு, 50 கிராம் கிழங்கைப் பொடியா நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோட அம்மியில நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணியில அரை மணி நேரம் கொதிக்கவச்சு வடிகட்டணும். ருசி நல்லா இருக்கும். ஆனா செடியில கொலாஜன் கிடையாது, உறையாது.

புரதம் வேணும்னா கொள்ளுதான். 100 கிராம் கொள்ளை எட்டு மணி நேரம் ஊறவச்சு, ஒரு லிட்டர் தண்ணியில சிம்முல 25 நிமிஷம் வேகவையுங்க. புளியோ தக்காளியோ வெந்த பிறகுதான், முன்னாடி போட்டா கொள்ளு கல்லு மாதிரி நிக்கும். வெந்ததுல ரெண்டு கரண்டியை மசிச்சுச் சாறோடயே சேருங்க. தெளிஞ்ச தண்ணியை மட்டும் இறுத்து ரசம் வச்சுட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டா, சத்து மாட்டுக்குத்தான்.

துளசிமாடம்
இந்தக் கடைசி வரி எங்க வீட்டுல படிச்சுக் காட்ட வேண்டியது :)

பொன்னி_அரிசி
கடைசிக் கேள்வி. வெந்த எலும்பை ரெண்டாம் தடவை காய்ச்சலாமா?

நிதானச்சூடு
தோலும் நாரும் எலும்புல மிச்சம் ஒட்டியிருந்தா ஒரு தடவை காய்ச்சலாம். முதல் தடவை ஊத்தின தண்ணியில பாதி, குக்கர்ல அரை மணி நேரம். தனியாக் குடிக்க நல்லா இருக்காது. குழம்புக்கோ, தக்காளி ரசத்துக்கோ, புலாவுக்கோ தண்ணிக்குப் பதிலா ஊத்துங்க. எலும்பை விரலால அழுத்தி அது பொடிஞ்சா அத்தோட விட்டுடுங்க, மறுபடி காய்ச்சினா சுண்ணாம்புத் தூள்தான் அடியில தங்கும். நாய்க்கும் போடாதீங்க, வெந்த எலும்பு ஊசியாச் சிதறும்.